நான் போனதும் பழைய பாடம்தான்!

கேள்வி: பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர் பயிற்றுநராகப் பொறுப்பேற்று ஓராண்டாகிறது. தொடக்கப் பள்ளிகளுக்கு நான் போகும்போது பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து செயல்பாடுகள் செய்கிறார்கள். நான் கிளம்பியதும் பழையபடி கரும்பலகை, கூட்டாக ஒப்பித்தல்தானாம். கண்டிக்கவும் மனமில்லை, அப்படியே விடவும் முடியவில்லை. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் பார்த்தது உங்களுக்காக நடந்த பாடம். பதிவேட்டில் என்ன எழுதுவீர்கள் என்பது அந்த ஆசிரியருக்கு முன்பே தெரியும்.

2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அட்டைகளையும் பொருள்களையும் வைத்துத் தாங்களே செய்து கற்கும் முறை), சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் வந்தது. அப்போது எங்கள் பள்ளிக்கு வந்தவர்கள் பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணை சுவரில் இருக்கிறதா, வகுப்பறையில் தலைக்கு மேல் கட்டிய கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் படங்கள் தொங்குகின்றனவா என்று டிக் அடித்துவிட்டுப் போனார்கள். நாங்களும் பந்தலைத்தான் அழகாக வைத்திருந்தோம். இன்று தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில், கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தால் அதே கதைதான்.

அடுத்த முறை பின்வரிசை நாற்காலி வேண்டாம். ஏதாவது ஒரு குழுவோடு தரையில் உட்காருங்கள். 52-லிருந்து 27-ஐக் கழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டை யார் கை பிரிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சுறுசுறுப்பான ஒரு பிள்ளைதான். மற்ற நால்வரும் வேடிக்கை பார்ப்பார்கள். பேசாமல் இருக்கும் பிள்ளையிடம், "கட்டை ஏன் பிரிச்சாங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் பாடம் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் ஆசிரியரோடு தனியாகப் பேசுங்கள், பிள்ளைகள் முன்னால் வேண்டவே வேண்டாம். "இன்னைக்கு எந்தப் பிள்ளைக்குப் புரியலைன்னு நினைக்கிறீங்க?" என்று தொடங்கலாம். மாற்றம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: ஐவருக்கு ஒரு கட்டு என்பதற்குப் பதில் இருவருக்கு ஒரு கட்டு. இரண்டு வாரத்தில் திரும்பிப் போய் அதை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, வகுப்பை நீங்களே ஒரு நாள் எடுங்கள், அவர் பார்க்கட்டும். நான் அப்படி எடுத்தபோது பாதிப் பிள்ளைகள் புளியங்கொட்டையை எண்ணாமல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கும் இப்படித்தான் ஆகுமா டீச்சர்?" என்று கேட்ட இளம் ஆசிரியை, அன்றுதான் தன் சிரமங்களை மனம்விட்டுச் சொன்னார். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒரு வகுப்புக்குச் செயல்பாடு கொடுத்தால் மறு வகுப்பு சும்மா இருக்கும். இது சாக்கு இல்லை, நிஜமான பாரம். அதனால் செயல்பாட்டை எல்லாப் பாடவேளையிலும் கேட்காதீர்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு உருப்படியாக நடந்தால் போதும். வாய்ப்பாட்டைக் கூட்டாகச் சொல்வதையும் குற்றமாக எழுதாதீர்கள், அதற்கும் இடமுண்டு.

தலைமையாசிரியரிடமும் பேசுங்கள். நீங்கள் வராத நாட்களில் அங்கே இருப்பவர் அவர்தான். வாரம் ஒருமுறை அவர் இருபது நிமிடம் வகுப்பைப் பார்த்துக்கொண்டால், அந்த ஆசிரியர் பக்கத்து வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம்.