பிளஸ் ஒன்னில் வரலாறு எடுத்தால் மகளின் படிப்பு முடங்கிவிடுமா?

முடங்காது. கணிதம் இல்லாத கலைப் பிரிவில் சேர்ந்தாலும் பட்டப்படிப்புக்கும், ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கும், பட்டம் முடித்தபின் தமிழக அரசின் உயர் பதவிகளுக்கான குரூப் 1 தேர்வுக்கும் வழி இருக்கிறது. சட்டக் கல்லூரி தருமபுரியிலேயே இருக்கிறது.

பள்ளியில் "அந்தப் பிரிவு வேண்டாம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அங்கே அதற்கு ஆசிரியர் இருக்கமாட்டார். குறை உங்கள் பெண்ணிடம் இல்லை.

தலைமை ஆசிரியரிடம் பிரிவின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். நான்கு பாடங்களையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஓரிடத்தில் வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் என்று இருக்கும். இன்னோரிடத்தில் வரலாற்றோடு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் இருக்கும். அவள் விரும்பும் புவியியல் இரண்டாவதில் கிடையாது. உங்கள் பள்ளியில் முதல் வகை இல்லையென்றால் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் விசாரியுங்கள். பஸ்ஸில் அரை மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை.

ஒன்று மட்டும்: பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் இந்தப் பிரிவிலிருந்து போக முடியாது. அதை அவளிடமே சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

சேர்க்கைக்கு முன் ஒரு நாள் தருமபுரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அங்குள்ள நடுகற்களில் வில்லோடு நிற்கும் வீரனைப் பார்க்கட்டும். கிருஷ்ணகிரி மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 காலத்தது என்று 2022இல் அறிவித்தார்கள். நம் மண்ணில் பிறந்த பிள்ளை வரலாறு படிக்க ஆசைப்படுவதைத் தயவுசெய்து தடுக்காதீர்கள்.