தனியாக ரயிலில் ஸ்ரீநகர் வரை: கேள்வி பதில்

போன அக்டோபரில் சென்னை சென்ட்ரலில் ஏறி, போபால், ஆக்ரா, டெல்லி, கட்ரா என்று அங்கங்கே இறங்கித் தங்கி, ஸ்ரீநகர் வரை தனியாக ரயிலிலேயே போய்வந்தேன். அதை நாலு பேரிடம் சொல்லப்போக, நாற்பது பேர் கேள்வி கேட்டுவிட்டார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மீதிக்குப் பதில் சொல்கிறேன்.

பத்து நாள் லீவு இருக்கிறது. தனியாக வடக்கே போக ஆசை. திட்டத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது? (சேலம் வாசகர்)

எல்லோரும் ரயில் கிளம்பும் நேரத்தைப் பார்த்து டிக்கெட் போடுகிறார்கள். நீங்கள் போய் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். நாலு பேராகப் போனால் விடிகாலை மூன்று மணிக்கு இறங்கினாலும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கதை பேசலாம். தனி ஆள் அந்த நேரத்தில், தெரியாத ஊரில், ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்பது வேறு.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு சென்ட்ரலில் கிளம்புகிறது. ஆக்ரா வரும்போது மூன்றாம் நாள் இன்னும் விடிந்திருக்காது. ஆனால் போபாலுக்கு மறுநாள் இரவு எட்டு மணி வாக்கில் வந்துவிடும். கடை திறந்திருக்கும், சாப்பாடு கிடைக்கும், லாட்ஜில் ஆள் விழித்திருப்பார். அதனால் நான் போபாலில் இறங்கி இரண்டு ராத்திரி தங்கினேன். சாஞ்சி ஸ்தூபி ஒரு பக்கம், பீம்பேட்கா குகை ஓவியங்கள் இன்னொரு பக்கம், இரண்டும் சுமார் 45 கிலோமீட்டர். ஒரு நாளில் இரண்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள். சாஞ்சியில் தோரணங்களில் இருக்கும் சிற்பத்தைப் பார்க்கவே அரை நாள் போய்விடுகிறது.

போபாலிலிருந்து காலை வந்தே பாரத் பிடித்தால் மதியத்துக்குள் ஆக்ரா. அந்த ரயில் கிளம்புவது ராணி கமலாபதி ஸ்டேஷனில், பழைய பெயர் ஹபீப்கஞ்ச். போபால் ஜங்ஷன் வேறு. நான் டிக்கெட்டைச் சரியாக வாசிக்காமல் ஜங்ஷன் பக்கம் ரூம் போட்டுவிட்டு, இருட்டோடு ஆட்டோ தேடி ஓடினேன். டெல்லியிலும் இதே கதைதான்: புது டெல்லி, பழைய டெல்லி, நிஜாமுதீன், ஆனந்த் விஹார், நாலும் நாலு மூலையில். அப்புறம், தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நாள் கணக்குப் போடும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரியிலிருந்து அசாமில் இருக்கும் திப்ருகர் வரை விவேக் எக்ஸ்பிரஸில் ஒரே மூச்சில் போகலாம் என்று இருக்கிறேன். நல்ல யோசனையா? (நாகர்கோவில் வாசகர், வயது 22)

தம்பி, இந்தியாவின் மிக நீண்ட ரயில் பாதை அது. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளுக்கும் மேல். விவேகானந்தரின் 150ஆவது பிறந்த ஆண்டை ஒட்டி 2011இல் விட்டார்கள். "போனேன்" என்று சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால் போங்கள், நான் தடுக்கவில்லை. ஊர் பார்க்க வேண்டுமென்றால் வேண்டாம். மூன்றாம் நாள் குளிக்காத உடம்போடு ஜன்னலுக்கு வெளியே தாஜ்மகாலே வந்தாலும் ரசிக்கத் தோன்றாது. விசாகப்பட்டினத்திலும் நியூ ஜல்பைகுரியிலும் இரண்டிரண்டு நாள் இறங்கி, மூன்று டிக்கெட்டாகப் போடுங்கள். செலவு கொஞ்சம் கூடும், தூக்கம் நிறைய கூடும்.

நான் 27 வயதுப் பெண். தனியாக ரயிலில் போக வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள். அம்மாவுக்கு என்ன சொல்வது? (மதுரை வாசகி)

பயப்படாதே என்று சொன்னால் எந்த அம்மாவும் கேட்க மாட்டார். என்னென்ன ஏற்பாடு என்று காட்டுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படையின் "மேரி சஹேலி" என்ற திட்டம் 2020 முதல் இருக்கிறது. தனியாக ஏறும் பெண்களைப் பெண் காவலர்கள் கிளம்பும் ஸ்டேஷனிலேயே வந்து பார்த்து, பெட்டி, பெர்த் எண்ணைக் குறித்துக்கொண்டு, வழியில் இருக்கும் ஸ்டேஷன்களுக்கும் சொல்லிவிடுவார்கள். எல்லா ரயிலிலும் ஆள் வந்துவிடுவார் என்று நம்பி உட்கார வேண்டாம். 139 என்ற ரயில்வே உதவி எண்ணை அம்மாவின் போனிலும் போட்டுவையுங்கள். டிக்கெட்டில் இருக்கும் பி.என்.ஆர். எண்ணும் அவரிடம் இருக்கட்டும். ரயில் எங்கே ஓடுகிறது என்று அவரே பார்த்துக்கொண்டிருப்பார். என் தங்கை தனியாகப் போனபோது எங்கள் அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு போன் செய்து, "வாரங்கல் தாண்டிட்டியாமே" என்றார்.

முதல் பயணத்துக்கு ஏசி மூன்றடுக்கு போதும். பக்கத்து பெர்த்காரர் சங்கடப்படுத்தினால் முகத்துக்காகப் பொறுத்துக்கொள்ளாமல் டிக்கெட் பரிசோதகரிடம் (டி.டி.இ.) நேராகச் சொல்லி இடம் மாற்றிக் கேளுங்கள்.

டிக்கெட்டே கிடைப்பதில்லையே? (திருப்பூர், கோவை, தாம்பரம் என்று ஏழெட்டுப் பேர்)

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். 2024 நவம்பர் வரை 120 நாள் இருந்தது. அந்தப் பழைய நினைப்பில் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குத் திறந்ததும் போட்டுவிடுங்கள். இந்த 60 நாள், ரயில் முதல் ஸ்டேஷனில் கிளம்பும் தேதியிலிருந்து கணக்கு. ரயில் உங்கள் ஊருக்கு இரண்டாம் நாள்தான் வருகிறதென்றால் உங்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிடும். இது தெரியாமல் மறுநாள் போய் வெயிட்டிங் லிஸ்டில் விழுகிறவர்கள் நிறைய.

நடு ஸ்டேஷனிலிருந்து போட்டால் கோட்டா குறைவு, வெயிட்டிங் லிஸ்ட் நகரவே நகராது. அந்த மாதிரி இடங்களில் நான் ரயில் கிளம்பும் ஸ்டேஷனிலிருந்தே டிக்கெட் எடுத்து, போர்டிங் பாயிண்டை (நாம் ஏறும் ஸ்டேஷனை) மட்டும் முன்கூட்டியே மாற்றிவிடுவேன். மாற்ற மறந்தால் உங்கள் பெர்த் வேறு யாருக்காவது போய்விடும், ஜாக்கிரதை. 2025 மே மாதத்திலிருந்து வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ஸ்லீப்பரிலோ ஏசியிலோ உட்கார விடுவதில்லை. "ஏறி சமாளித்துக்கொள்ளலாம்" என்ற காலம் போய்விட்டது. தத்கல் முந்தின நாள் காலை, ஏசிக்கு பத்து மணி, மற்றதற்கு பதினொன்று. ஆன்லைனில் போட ஆதாரை முன்பே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். ஊர் ஊராகப் போகும் பயணத்தை தத்கலை நம்பித் திட்டமிடாதீர்கள். ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் போச்சு.

எந்த பெர்த் நல்லது? (புதுச்சேரி வாசகர்)

தனி ஆளுக்கு அப்பர் பெர்த். பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் படுக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். எண்ணை எட்டால் வகுத்து மீதி பாருங்கள்: 3, 6 வந்தால் அப்பர், 1, 4 லோயர், 2, 5 மிடில், 7 சைடு லோயர், மீதி இல்லாவிட்டால் சைடு அப்பர். உயரமானவர்களுக்கு சைடு அப்பர் தண்டனை.

எனக்கு 66 வயது. மனைவி வர மாட்டேன் என்கிறாள். தனியாகப் போகலாமா? (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

தாராளமாகப் போங்கள், ஐயா. மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் போனது போனதுதான். ஆனால் லோயர் பெர்த் கோட்டா இருக்கிறது: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கும் டிக்கெட்டுக்குத்தான் அது செல்லும். பேரப்பிள்ளைகளையும் சேர்த்து ஐந்து பேராகப் போட்டால் கிடையாது. ஆக, தனியாகப் போவதில் உங்களுக்கு லாபம்தான். மாத்திரையை மட்டும் பெரிய பையில் போடாமல் சட்டைப் பையில் வையுங்கள்.

ரயில் தாமதமாகி அடுத்த ரயிலைத் தவறவிட்டால்? (ஓசூர் வாசகர்)

அதற்காகத்தான் ஒவ்வோர் ஊரிலும் ஒரு ராத்திரி தங்கச் சொல்கிறேன். ஒரே நாளில் ரயில் மாறியே ஆகவேண்டுமென்றால் இரண்டாவது டிக்கெட்டை முதல் பி.என்.ஆரோடு இணைத்துப் போடுங்கள். முதல் ரயில் தாமதத்தால் இரண்டாவது தவறிப்போனால் பணம் திரும்பக் கேட்கலாம். நீங்கள் ஏற வேண்டிய ரயிலே மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணத்தை விட்டுவிட்டு முழுப் பணமும் கேட்க வழி உண்டு. ஆனால் ரயில் கிளம்புவதற்குள் டி.டி.ஆர். (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டாக வேண்டும்.

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை டெல்லி பக்கம் மூடுபனி. பத்து மணி நேரம் தாமதம் அங்கே செய்தியே இல்லை. முதல் தனிப்பயணத்தை அந்த மாதங்களில் வைக்காதீர்கள்.

பாத்ரூம் போகும்போது பையை யார் பார்த்துக்கொள்வது? (கரூர் வாசகி)

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. பணம், போன், அடையாள அட்டை மூன்றும் கழுத்தில் தொங்கும் சின்னப் பையில். அது குளிக்கும்போது தவிர உடம்பை விட்டு இறங்காது. பெரிய பைக்குச் சங்கிலி, பூட்டு. பூட்டு இல்லாத பையை க்ளோக் ரூமிலும் வாங்க மாட்டார்கள். எதிரே குடும்பம் இருந்தால் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நாய்க்குட்டியைக்கூட அண்டவிடாமல் பார்த்துக்கொள்வார்.

இந்தி தெரியாது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (விருதுநகர் வாசகர்)

"கித்னா" (எவ்வளவு), "கஹான்" (எங்கே), "பையா" (அண்ணா) மூன்றும் போதும். மீதியைக் கை பேசும். தங்கும் இடத்தின் முகவரியை இந்தி எழுத்தில் போனில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்கு எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய இட்லி, இரண்டாம் நாள் காலைக்குப் புளியோதரை. அதற்குப் பிறகு பூரி, ஆலுவோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

செனாப் பாலம் ரயிலிலிருந்து தெரியுமா? போரடிக்கவில்லையா? (சென்னை வாசகர்)

2025 ஜூனில்தான் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் விட்டார்கள். நான் போனபோது கட்ராவில் ரயில் மாறி, சோதனை முடித்து ஏற வேண்டியிருந்தது. வழியில் செனாப் ஆற்றின் மேல் இருக்கும் அந்த வளைவுப் பாலத்தின் நீளம் 1,315 மீட்டர், ஆற்றுப்படுகையிலிருந்து உயரம் 359 மீட்டர். மேலே போகும்போது அந்த வளைவு தெரியாது. சுரங்கத்தின் இருட்டு, வெளிச்சம், திடீரென்று காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஒரு நிமிடம் போல இருக்கும், அவ்வளவுதான். பெட்டியில் இருந்த எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றதால் நான் பார்த்தது பாதி ஆறு, பாதி ஒரு பெரியவரின் கம்பளிக் குல்லாய். ஒன்று முக்கியம்: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. கிளம்பும் முன் போஸ்ட்பெய்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

போரடித்ததா என்றால், நாக்பூர் வரை அடித்தது. அங்கே மதியம் ஒரு பாட்டி கூடை நிறைய ஆரஞ்சோடு ஏறினார். தோலில் பச்சை இன்னும் போகவில்லை. புளிக்குமா என்று சைகையில் கேட்டேன். ஒன்றை உரித்து, நாரெல்லாம் எடுத்து, இரண்டு சுளையை என் கையில் வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். புளிப்புதான். ஒரு டஜன் வாங்கினேன். போபால் வருவதற்குள் எதிர் சீட்டுக் குழந்தைகளும் நானும் தீர்த்துவிட்டோம்.