வேலுவுக்கு முதலில் தேவை தூரம்

கேள்வி: எங்கள் வேலு மூன்று வயது ஆண் சிப்பிப்பாறை நாய். வீட்டில் குழந்தை மாதிரி இருப்பான். போன வருடம் வாக்கிங் போனபோது இரண்டு தெருநாய்கள் சேர்ந்து அவனைக் கடித்துவிட்டன. அதிலிருந்து எந்த நாயைக் கண்டாலும் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்கிறான். போன வாரம் பக்கத்து வீட்டு பொமரேனியனைக் கவ்விவிட்டான். விலக்கப்போன என் கணவரின் கையிலும் பல் பட்டுவிட்டது. சோக் செயின் போட்டு இழுத்தால் அடங்கிவிடும் என்கிறார் ஒருவர். ஒருதரம் சண்டை போடவிட்டால் சரியாகும் என்கிறார் இன்னொருவர். கருத்தடை செய்தால் தீருமா? பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே வயதான பெண் நாய் ஒன்று இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் கணவரின் கை. ரத்தம் வராத சிறு கீறலாக இருந்தாலும் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். வேலுவுக்கு வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறோமே என்று விட்டுவிட வேண்டாம். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்றும் தயங்க வேண்டாம். இனி எப்போது பல் பட்டாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பொமரேனியனையும் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சின்ன நாயின் உடம்பில் வெளியே இரண்டு புள்ளிதான் தெரியும். உள்ளே தசை கிழிந்து சீழ் வைத்திருக்கலாம்.

உங்கள் கணவரைக் கடிக்க வேண்டும் என்று வேலு கடிக்கவில்லை. சண்டையின் உச்சத்தில் கழுத்துப் பட்டையைப் பிடிக்கும் கை யாருடையது என்று நாய்க்குத் தெரியாது. திரும்பிய வேகத்தில் வாயில் அகப்பட்டதைக் கவ்வும். அதனால் அவனிடம் உங்களுக்குப் பயம் வேண்டாம். ஆனால் சண்டைக்குள் கை விடும் பழக்கம் இன்றோடு நிற்கட்டும். ஒரு வாளித் தண்ணீரை இரண்டின் முகத்திலும் அடியுங்கள். இல்லாவிட்டால் நாற்காலி, பலகை, சாக்கு என்று கைக்குக் கிடைத்ததை இரண்டுக்கும் நடுவே செருகுங்கள். கவ்விய நாயைப் பிடித்து இழுத்தால் காயம் கிழிந்து பெரிதாகும். பிடி விட்ட பிறகுதான் இழுக்க வேண்டும்.

இப்போது வேலுவின் பக்கத்திலிருந்து பாருங்கள். சங்கிலியில் கட்டிய நிலையில் இருந்தவனை இரண்டு நாய்கள் கடித்தன. ஓடவும் முடியவில்லை, ஒதுங்கவும் முடியவில்லை. அவை கிட்ட வருவதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அன்றைக்கு அவன் படித்த பாடம். பாய்ந்து குரைத்தால் எதிரே வரும் நாய் விலகிப் போகிறது, அல்லது நீங்கள் அவனை இழுத்துக்கொண்டு போகிறீர்கள். எப்படியும் அவன் கேட்ட இடைவெளி கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு முறை பாயும்போதும் அந்தப் பாடம் இன்னும் ஆழமாகப் பதிகிறது. வெளியே வீரம் மாதிரித் தெரிவதில் பெரும்பகுதி பயம்தான்.

சோக் செயின் இங்கே என்ன செய்யும்? எதிரே ஒரு நாய் தெரிகிறது, அதே நொடியில் கழுத்து நெரிகிறது. வலிக்குக் காரணம் அந்த நாய்தான் என்று வேலு முடிவு கட்டுவான். அடிக்கு அஞ்சி உறுமுவதை நிறுத்தினால் அது இன்னும் மோசம். உறுமல் அவன் நமக்குத் தரும் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்திய நாய் ஒருநாள் சத்தமில்லாமல் கடிக்கும். சண்டை போடவிடும் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். போன வருடம் ஒருதரம் சண்டை நடந்ததன் விளைவைத்தான் இப்போது அனுபவிக்கிறீர்கள்.

கருத்தடையைப் பற்றி: பெண் நாய் பருவத்துக்கு வந்த வாசனையில் ஆண் நாய்களோடு மல்லுக்கு நிற்பது, வீட்டைவிட்டு ஓடுவது போன்றவை அதனால் குறையலாம். பயத்தில் பிறந்த பாய்ச்சல் அதனால் மட்டும் போகாது. சில பயந்த நாய்களுக்குக் கூடவும் செய்யலாம். உடல்நலக் காரணங்களுக்காகச் செய்வது வேறு விஷயம், அதை மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். இந்தப் பிரச்சினைக்கு அதையே மருந்தாக நம்ப வேண்டாம்.

பயிற்சிக்கு முன் ஒரு முழு உடல் பரிசோதனை அவசியம். காதுப் புண், பல் வலி, மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல், தைராய்டு குறைவு, இவற்றில் எது இருந்தாலும் நாயின் பொறுமை பாதியாகிவிடும். போன வருடம் கடிபட்ட இடத்தை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய காயம் உள்ளே இன்னும் வலித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான்.

அடுத்த மூன்று வாரத்துக்கு ஒரே ஒரு வேலை: வேலு பாயும்படியான சந்தர்ப்பமே வரக்கூடாது. ஒருமுறை வெடித்தால் உடம்பின் படபடப்பு அடங்கச் சில மணி நேரம் ஆகும். சில நாய்களுக்கு ஓரிரு நாள்கூட ஆகும். அதற்குள் அடுத்த நாய் வந்தால் முன்பைவிடச் சீக்கிரம் வெடிப்பான். தெரு வாக்கிங்கை நிறுத்துங்கள். விடிகாலையில் ஆள் இல்லாத மைதானத்துக்கு வண்டியில் கூட்டிப்போய் 20 நிமிடம் மோப்பம் பிடிக்க விடுங்கள். பகலில் கேட்டருகே கட்டிப்போடும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். கேட்டுக் கம்பி வழியாக நாளெல்லாம் தெருவைப் பார்த்துக் குரைப்பது, பாய்வதற்கு நாமே கொடுக்கும் தினசரிப் பயிற்சி. தோட்டக்காரர்கள் நிழலுக்குக் கட்டும் பச்சை வலையை இரண்டு மடிப்பாக்கி, அவன் நிமிர்ந்து நின்றாலும் கண்ணுக்கு மேல் ஓர் அடி வருகிற உயரத்துக்குக் கம்பியில் கட்டிவிடுங்கள். பாதிக் குரைப்பு அதிலேயே குறைவதைப் பார்ப்பீர்கள்.

சிப்பிப்பாறைக்குக் கழுத்துப் பட்டையைக் கவனித்து வாங்க வேண்டும். தலை ஒடுங்கி, கழுத்து ஏறக்குறைய அதே அளவில் இருப்பதால், பின்னால் ஓர் அடி வைத்துத் தலையைத் தாழ்த்தினாலே சாதாரண பெல்ட் உருவிக்கொண்டு வந்துவிடும். இரண்டு அங்குல அகல மார்ட்டிங்கேல் காலர் வாங்குங்கள். இழுத்தால் கழுத்தின் அளவுக்கு மட்டும் இறுகி நிற்கும், நெரிக்காது. கூடவே நெஞ்சில் வளையம் உள்ள ஹார்னஸ். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் லாப்ரடார் உடம்புக்குத் தைத்தவை. வேலுவுக்கு மார்பு ஆழம், இடுப்பு ஒல்லி. அதனால் விலா எலும்புக்குப் பின்னாலும் ஒரு பட்டை வருகிற ஹார்னஸ்தான் உருவாமல் நிற்கும். ஆறு அடி நைலான் அல்லது பருத்திக் கயிறு, இரண்டு முனையிலும் கொக்கி: ஒன்று காலரில், ஒன்று ஹார்னஸில். இரும்புச் சங்கிலி கையைக் கிழிக்கும். நீண்டு சுருங்கும் கயிறு அவசரத்தில் கைகொடுக்காது. எந்தக் கயிறானாலும் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள வேண்டாம்.

ஒருமுறை கடித்துவிட்டதால் கூடை வடிவ வாய்மூடி பழக்குங்கள். துணியால் வாயை இறுக்குகிற வகை வேண்டாம். நாய்க்கு உடம்புச் சூடு தணிவது பெரும்பாலும் இரைப்பதால்தான். நம் ஊர் வெயிலில் வாய் திறக்க முடியாமல் போனால் உயிருக்கே ஆபத்து. வாய் நன்றாகத் திறந்து, தண்ணீர் குடிக்க முடிகிற அளவு பார்த்து வாங்குங்கள். கூடையின் அடியில் ஒரு ஸ்பூன் தயிர் தடவி, அவனே மூக்கை நுழைக்கும்வரை காத்திருங்கள். முதல் நான்கு நாள் வாரை மாட்டவே வேண்டாம். பிறகு 5 நொடி, 10 நொடி, அரை நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போனால் இரண்டு வாரத்தில் 15 நிமிடம் போட்டுக்கொள்வான்.

இனிதான் முக்கியமான வேலை. எலும்பில்லாத கோழியை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு நறுக்குங்கள். ஒரு தடவைக்கு 50 கிராம் போதும். அதற்கு ஏற்ப அன்றைய சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோழி வேறு எதற்கும் கிடைக்கக்கூடாது, நாயைப் பார்க்கும்போது மட்டும்தான்.

தொடங்க நல்ல இடம் உங்கள் மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் அவன் தாண்ட முடியாத உயரமாக இருக்க வேண்டும், கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும். தெருக்கோடியில் ஒரு நாய் தெரிகிறது. வேலு பார்க்கிறான். பார்த்த பிறகு, "சபாஷ்" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு. இன்னும் பார்க்கிறானா, இன்னொரு துண்டு. அந்த நாய் மறைந்ததும் கோழியும் நின்றுவிட வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. நாய் கண்ணில் படுமுன் நீங்கள் கோழிப் பொட்டலத்தைப் பிரித்தால், பொட்டலச் சத்தமே அபாய மணியாகிவிடும். பலருக்குப் பயிற்சி பலிக்காமல் போவது இந்த இடத்தில்தான்.

எவ்வளவு தூரம் வேண்டும் என்று வேலுவே சொல்வான். திறந்திருந்த வாய் டக்கென்று மூடுகிறதா, உடம்பின் பாரம் முன்னங்காலுக்கு வருகிறதா, கண் சிமிட்டாமல் பார்க்கிறானா, வால் விறைத்து மெல்ல ஆடுகிறதா என்று கவனியுங்கள். விறைத்து ஆடும் வாலைச் சந்தோஷம் என்று எண்ணிவிட வேண்டாம். இன்னும் எளிய அடையாளம்: மென்மையாக வாங்கிய துண்டை விரலோடு பறிக்கத் தொடங்கினால் நெருங்கிவிட்டீர்கள், கோழியை மூக்கருகே நீட்டியும் திரும்பவில்லை என்றால் எல்லை தாண்டிவிட்டீர்கள். உடனே பின்வாங்குங்கள், திட்ட வேண்டாம். முயலைக் கண்ணால் கண்டு துரத்த வளர்த்த இனம் இது, தூரத்து அசைவும் அவனை உசுப்பும். அதனால் லாப்ரடாருக்கு 15 மீட்டர் போதும் என்றால் வேலுவுக்கு 40 மீட்டர் வேண்டியிருக்கும்.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள் போதும். சில வாரம் கழித்து, நாயைப் பார்த்ததும் "எங்கே என் கோழி" என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான். அந்தத் திரும்பல்தான் நீங்கள் காத்திருந்தது. பத்து முறையில் எட்டு முறை அப்படித் திரும்பினால் தரைக்கு வந்து, மைதானத்தின் ஓரத்தில் இரண்டு மீட்டர் குறைத்துப் பாருங்கள். தடுமாறினால் பழைய தூரத்துக்கே போங்கள். தீபாவளி வெடிச்சத்தம் கேட்கும் வாரத்தில் பயிற்சியே வேண்டாம்.

வீட்டுக்குள் ஒரு பாடம் தனியாக நடக்கட்டும். "வா போலாம்" என்று சொல்லி நீங்கள் சட்டென்று எதிர்த்திசையில் திரும்ப, அவனும் கூடவே திரும்பி வந்தால், கோழி அல்லாத வேறு தீனி ஒரு துண்டு. கூடத்தில், முற்றத்தில், மைதானத்தில் என்று ஐம்பது நூறு முறை செய்து பழக்கிவிட்டால், முக்கில் திடீரென்று ஒரு நாய் முளைக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

தெருநாய்கள் விஷயத்தில், எந்த மூலை எந்தக் கூட்டத்தின் எல்லை, கறிக்கடைக் கழிவு எத்தனை மணிக்கு விழுகிறது, எங்கே குட்டி போட்டிருக்கிறது என்பதை ஒரு வாரம் நாய் இல்லாமல் நடந்து தெரிந்துகொள்ளுங்கள். அப்படியும் ஒன்று நெருங்கி வந்தால் ஓட வேண்டாம். வேலுவை உங்களுக்குப் பின்னால் தள்ளி நின்று, கல் எடுப்பதுபோல் குனியுங்கள். பெரும்பாலும் அதற்கே பின்வாங்கும். கல்லை எறிய வேண்டியதில்லை, எறியவும் வேண்டாம். போகாவிட்டால் ஒரு கைப்பிடி பிஸ்கட்டை அதற்குப் பின்னால் விழும்படி வீசிவிட்டு நகருங்கள். பட்டனை அழுத்தினால் விரிகிற குடையும் நல்ல தடுப்பு, வேலுவை அந்தச் சத்தத்துக்கு முன்பே பழக்கியிருந்தால். அந்த இரண்டு நாய்களின் காது நுனியில், கருத்தடை செய்ததற்கு அடையாளமான வெட்டு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மாநகராட்சியிடம் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடச் சொல்லிக் கேளுங்கள். வேறு ஊரில் கொண்டுபோய் விடச் சொல்ல வேண்டாம். 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்த தெருநாயைப் பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காலியான எல்லைக்குப் புதிய கூட்டம் வந்துவிடும் என்பதும் உண்மை.

மூன்று மாதத்தில் மாற்றம் தெரியும், ஆறு மாதமும் ஆகலாம். எதிர்ச்சாரியில் ஒரு நாய் போக, வேலு ஒருமுறை பார்த்துவிட்டு உங்களோடு நடந்தால் அதுவே முழு வெற்றி. எல்லா நாயோடும் அவன் விளையாட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மறுபடி ஆழமாகக் கடித்தால் பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள், ஆனால் "குரைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். செயினைச் சுண்டுவேன் என்றால் அவர் வேண்டாம்.

பொங்கலுக்குள் இந்த அளவுக்கு வந்திருந்தால்தான் அம்மா வீட்டு நாயோடு பழக்க வேண்டும். அதுவும் வீட்டுக்குள் முகத்துக்கு முகம் கூடாது. இரண்டு பேர், இரண்டு நாய், வெளியே ஒரே திசையில், 15 மீட்டர் இடைவெளியில் கால் மணி நேரம் நடங்கள். கிழவி நாய் முன்னால் போகட்டும், அவள் மோந்த இடத்தை வேலு பின்னால் வந்து மோக்கட்டும். மறுநாள் 10 மீட்டர். இருவரும் தளர்வாக இருந்தால் வாய்மூடியோடு பின்பக்கம் மூன்று நொடி மோந்ததும் "வா போலாம்" என்று அழைத்துவிடுங்கள். பயிற்சி அதுவரை வரவில்லையென்றால் ஒரு கதவு எப்போதும் இருவருக்கும் நடுவே மூடியே இருக்கட்டும். எப்படியானாலும் மாட்டுப் பொங்கலன்று கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில் இருவரையும் தனித்தனி அறையில் விட்டு, வெளியே தாழ் போட்டு, பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.