30 வார்த்தால் 26-தான் விற்பனைக்கு

கேள்வி: மாதிரி ரயிலுக்கான எச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) பாக்ஸ்-என் என்ற திறந்த சரக்கு வேகன்களை ரெசினில் வார்த்து, 30 மட்டும் விற்க எண்ணம். பொருட்செலவைப் போல மூன்று மடங்கு விலை வை என்கிறார் நண்பர். கடை ஒன்று 30 சதவீதக் கழிவு கேட்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், செம்பூர், மும்பை

பதில்: நண்பரின் கணக்கில் மாஸ்டர் (மோல்டு எடுப்பதற்கான மூல மாதிரி) செய்த உழைப்பு எங்கே? சின்ன எண்ணிக்கையில் பெரிய செலவே அதுதான். மாஸ்டர், இரண்டு சிலிக்கோன் மோல்டு, டீக்கால் (எண், எழுத்து ஒட்டும் தாள்) அச்சு சேர்த்து 36,000 ரூபாய் என்று வையுங்கள். (ஒரே மோல்டில் 30 எடுக்கப் பார்க்காதீர்கள், இருபதைத் தாண்டினாலே ஏணி, ரிவெட் ஓரங்கள் கிழிய ஆரம்பிக்கும்.) இதை 30-ஆல் வகுக்கக் கூடாது. குமிழி, கோணல் என்று இரண்டு போகும். கூரியரில் உடைந்தால் மாற்றித்தர இரண்டு வேண்டும். மிச்சம் 26. ஆக, ஒன்றுக்கு 1,385. ஒரு வேகனுக்கு ரெசின், சக்கரம், கப்ளர் (இணைப்புக் கொக்கி), பெயின்ட் 900, கூலி 800 என்றால் அந்த 1,700-ம் முப்பதுக்கும் செலவாகி இருபத்தாறில் திரும்ப வேண்டும்: 1,962. பேக்கிங் 150. அடக்கவிலை ஏறக்குறைய 3,500.

4,500-க்கு நேரில் விற்றால் ஆயிரம் நிற்கும். அதே விலையில் கடைக்குக் கழிவு விட்டால் கைக்கு வருவது 3,150, அதாவது 350 நஷ்டம். கடை வழியாகவும் ஆயிரம் நிற்க 6,430 வைக்க வேண்டும். 26 வேகனுக்குக் கடையே வேண்டாம் என்பேன்.

வேகன்களுக்கு ஒரே எண் போடாதீர்கள். நிஜத்தில் ஒரு ரேக்கில், அதாவது ஒரு முழு சரக்கு ரயிலில், 58 பாக்ஸ்-என் ஓடும். எண் வேறாக இருந்தால் ஒருவரே நாலைந்து வாங்குவார். ஒரே டீக்கால் தாளில் எண்களை மாற்றி அச்சிட கூடுதல் செலவு கிடையாது.

எடையையும் பாருங்கள். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி 123 மி.மீ. வேகனுக்கு 97 கிராம் வேண்டும். வெறும் ரெசின் அதைத் தொடாது. வளைவில் தடம் புரண்டு, திரும்பி வரும். திறந்த வேகனில் எடையை ஒளிக்க இடம் குறைவு. நிலக்கரிச் சுமையையும் சேர்த்துக் கொடுத்து, அதனடியில் ஈயத் தகட்டை ஒட்டிவிடுங்கள்.

மும்பை மழைக்காலத்தில் பாலியூரித்தேன் ரெசின் ஈரத்தை உறிஞ்சி நுரைத்துவிடும். வார்ப்பை மழை விட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேகன் முழுதாக ஓடிய பிறகே முன்பணம் வாங்குங்கள். வெளிமாநிலத்துக்கு விற்பதானால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்ற வரம்பை நம்பாமல், ஜி.எஸ்.டி. பதிவு பற்றி ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்; மேலே சொன்ன விலையில் வரி சேரவில்லை.