ஆளை நிறுக்காமல் பெட்டிக்கு மட்டும் ஏன் காசு?

கோவையிலிருந்து விமானத்தில் கிளம்பும்போது என் எடையை யாரும் கேட்கவில்லை, பெட்டி 3 கிலோ கூடியதற்கு மட்டும் காசா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

ஆள் எடையும் கணக்கில் உண்டு. ஆனால் ஒவ்வொருவரையும் நிறுக்காமல், தலைக்கு இவ்வளவு என்று ஒரு சராசரி போட்டுக்கொள்வார்கள். மிகச் சிறிய விமானங்களில் சிலசமயம் ஆளையே நிறுப்பதுண்டு. பெட்டி எடை ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறும், அதனால்தான் தராசு. உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ வரை தனிக் காசு கிடையாது. எவ்வளவு காசு கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. தூக்குகிறவர் இடுப்பு என்னாவது?

பீளமேடு விமான நிலையத்தில் கவுண்டர் முன்னால் பெட்டியைப் பிரித்து, அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு டப்பாவை வெளியே எடுத்துவைக்கும் ஆட்களைப் பார்த்தால் மனசு கேட்காது. கூடுதல் எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள், அதுதான் மலிவு. அப்புறம், காங்கேயம் கொப்பரைத் தேங்காய் வேண்டாம். எண்ணெய்ச் சத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்று விடமாட்டார்கள்.