கேள்வி–பதில்: பல்கலைக்கழகத்தின் முதல் கணிதப் பாடம்

கேள்வி: பள்ளியின் மேல்வகுப்புகளில் நான் கணிதம் படிக்கவில்லை. இப்போது சேர்ந்திருக்கும் பட்டப்படிப்பில் முதல் பருவத்திலேயே அறிமுகக் கணிதம் கட்டாயப் பாடம். சார்பு, எல்லை, வகைக்கெழு என்று பாடத்திட்டம் நீள்வதைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. பள்ளிப் புத்தகங்களை முதலிலிருந்து முடித்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டுமா?

பதில்: வேண்டாம், பழைய புத்தகங்கள் முடிவதற்குள் பருவத் தேர்வு வந்துவிடும். இத்தகைய பாடங்கள் உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே அமைக்கப்படுவதால், எல்லை, வகைக்கெழு ஆகியவற்றை அடிப்படையிலிருந்தே சொல்லித் தருகின்றன. தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு விரைவாகக் கடந்துவிடுவது பின்னம், அடுக்கு, காரணிப்படுத்தல் ஆகியவற்றைத்தான். மாணவர் இடறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ப² என்ற சார்பின் வகைக்கெழுவை, அதாவது ப மாறும்போது ப² மாறும் வீதத்தை, எடுத்துக்கொள்வோம். ப-வுடன் ச என்னும் சிறு அளவைக் கூட்டி, (ப + ச)² − ப² என்ற வேறுபாட்டை ச-வால் வகுத்து, ச பூச்சியத்தை நெருங்கும்போது விடை எதை நெருங்குகிறது என்று பார்க்க வேண்டும். விரித்தால் வேறுபாடு 2பச + ச². வகுத்தால் 2ப + ச. ச பூச்சியத்தை நெருங்க, விடை 2ப. இதே கணக்கில் (ப + ச)² என்பதைப் ப² + ச² என்று எழுதிவிட்டால், வேறுபாடு ச² மட்டுமே; வகுத்தால் ச; முடிவில் பூச்சியம். எண் மாறினாலும் அதன் வர்க்கம் மாறுவதே இல்லை என்றல்லவா இதற்குப் பொருள்! இப்படி ஒரு விடை வந்ததும், எல்லை, வகைக்கெழு ஆகியவற்றைக் கையாளும் நுண்கணிதம் தமக்கு வராது என்று மாணவர் முடிவுகட்டிவிடுகிறார். உண்மையில் அவர் செய்த நுண்கணிதத்தில் பிழையே இல்லை. விட்டுப்போனது 2பச என்ற ஓர் உறுப்புதான்.

ஆகவே வாரந்தோறும் நடத்தப்படும் பாடத்தின் கணக்குகளைக் கைப்படப் போட்டுப் பார்த்து, எந்த வரியில் தடுக்கியதோ அந்த வரிக்குரிய பள்ளிப் பாடத்தை மட்டும் அன்றே எடுத்துப் படியுங்கள். காணொளிகள் உதவும், ஆனால் பிறர் கணக்குப் போடுவதைப் பார்க்கும்போது எல்லாமே புரிந்துவிட்டதாகத் தோன்றும் என்பதால், அதே கணக்கை வெற்றுத்தாளில் ஒருமுறை நீங்களே போட்டுப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

கேள்வி: சூத்திரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. நினைவில் இருப்பது சரியா, தவறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எண்களை இட்டுப் பாருங்கள். ஒரு கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தைத் தனித்தனியாக எடுத்துக் கூட்டலாமா என்ற ஐயம் வந்தால், 16, 9 ஆகியவற்றை வைத்துப் பாருங்கள். தனித்தனியாக எடுத்தால் 4 + 3 = 7; சேர்த்து எடுத்தால் 25-இன் வர்க்கமூலம் 5. ஐயம் அங்கேயே தீர்ந்தது. ஆனால் ஒரு சோதனையில் பொருந்தியதை வைத்துச் சூத்திரம் சரி என்று நம்பிவிடக் கூடாது. 0, 1, 2 ஆகிய எண்கள் இதில் ஏமாற்றக்கூடியவை: 2 + 2, 2 × 2, 2² மூன்றும் 4 அல்லவா?

மடக்கை விதிகளுக்கு இன்னும் நல்ல வழி, அவை எதற்காக வந்தன என்பதை அறிவது. 1614-இல் ஸ்காட்லாந்துக் கணிதவியலாளர் ஜான் நேப்பியர் மடக்கைகளை வெளியிட்டதன் நோக்கமே பெரிய எண்களின் பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவதுதான். பத்தடிமானத்தில் ஓர் எண்ணின் மடக்கை என்பது, அந்த எண்ணைப் பெற 10-ஐ எத்தனையாம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும் என்பதே: 100-இன் மடக்கை 2, 1000-இன் மடக்கை 3. இவ்விரு எண்களின் பெருக்கற்பலன் 1,00,000. அதன் மடக்கை 5. பெருக்கற்பலனின் மடக்கைதான் மடக்கைகளின் கூட்டுத்தொகை என்பது இதிலேயே தெரிந்துவிடுவதால், கூட்டுத்தொகையின் மடக்கையைப் பிரித்து எழுதக் கை போகாது.

கேள்வி: கால்குலேட்டரைப் பயன்படுத்தலாமா?

பதில்: விடையைச் சரிபார்க்கவும் வரைபடத்தைக் காணவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பின்னங்களைக் கூட்டுவதற்கு மட்டும் வேண்டாம். எண்களில் மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கையால் கூட்டப் பழகாதவருக்கு, அதே கூட்டல் எழுத்துகளில் வரும்போது அழுத்துவதற்குப் பொத்தான் இருக்காது. தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதி உண்டா என்பதை முதல் வாரமே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.