ஏடிஎச்டி இல்லாத ஆக்கள் ரிட்டலின் போட்டா மூளையில என்ன நடக்கும்?

வெள்ளவத்தையில இருந்து சிமா கணக்கியல் சோதினைக்குப் படிக்கிற தம்பி ஒராள் கேட்டிருக்கிறார், ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் துருதுருப்பும் கூடின நிலை, இல்லாம அதுக்குக் குடுக்கிற ரிட்டலின் குளிசையைப் போட்டா மனக்கட்டுப்பாடு கூடுமோ எண்டு.

கொஞ்சம் கூடும், அது உண்மை. அதில இருக்கிற மெத்தில்ஃபெனிடேட், நரம்புசெல் வெளிய விட்ட டோபமின், நோரட்ரினலின் எண்ட செய்தி கடத்துற ரெண்டு ரசாயனங்களையும் திருப்பி உள்ள இழுக்க விடாது, அதால முன்மூளையில ரெண்டும் கூட நிக்கும். ஸ்கிரீன்ல அம்புக்குறி வந்தா பட்டனை அமத்தோணும், பீப் சத்தம் கேட்டா அமத்தப்போன விரலை நிப்பாட்டோணும், இப்பிடி ஒரு டெஸ்ட் இருக்கு, அதில சுகமா இருக்கிற ஆக்களும் ஒரு டோஸ் எடுத்தா கொஞ்சம் கெதியா நிப்பாட்டீனம்.

ஆனா கட்டுப்பாடு வேற, யோசிக்கிறது வேற. 2023ல வந்த மெல்பன் ஆய்வில 40 பேருக்கு ஒரு கணக்கு குடுத்தவை, பையில எடை மீறாம ஆகப் பெறுமதியான சாமானுகளைத் தெரிஞ்செடுக்கோணும். மெத்தில்ஃபெனிடேட் போட்ட நாள்ல கனநேரம் மினக்கெட்டு மாத்தி மாத்திப் பாத்தவை, ஆனா தெரிவுகளின்ர தரம் குறைஞ்சிட்டுது, அதுவும் மருந்தில்லாத வெறுங்குளிசை போட்ட நாள்ல நல்லாச் செய்த ஆக்கள்தான் கூடச் சறுக்கினவை!

டோபமின் குறைஞ்சாலும் பிழை, அளவுக்கு மிஞ்சினாலும் பிழை. ரிட்டலினால நித்திரை வராமப் போகலாம், நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். பிரெண்ட் தந்தாலும் டாக்டரிட்டக் கேக்காமப் போடாதேங்கோ தம்பி.